எறும்பு மொய்த்த ஈரம்

என் தம்பி ரெங்கராஜ் முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவன். ஸ்ரீரங்கத்துக்கும் சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுக்குமாகப் போய் வந்தே தலை நரைத்தவன். அவன் கதையை நான் சொல்கிறேன், அவன் மருமகள் ஜோதி எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, ரேகைதான். ஆனால் நடந்ததை முன்பின் மாறாமல் சொல்லத் தெரியும். நடுவில் ஜோதி பேனாவை நிறுத்தினாலும் நான் நிறுத்தப்போவதில்லை.

பஸ் போர்டு படிக்கத் தெரியாத எனக்கு அவன் விசில்தான் போர்டு. ஒற்றை விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும், இரட்டை விசில் என்றால் கிளம்ப வேண்டும். எல்லாக் கண்டக்டரும் ஊதுவது அதேதான். ஆனாலும் ரெங்கனுடைய ஒற்றை விசில் கொஞ்சம் நீண்டு, கடைசியில் ஒரு சுழி சுழிக்கும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் எத்தனை வண்டி நின்றாலும் அந்தச் சத்தம் கேட்ட பக்கம் ஓடி ஏறிக்கொள்வேன். ஏறியதும், "யாரும்மா அது, படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று ஊராரை விரட்டுவதுபோலவே கூடப்பிறந்தவளையும் விரட்டுவான்.

அவனுக்கு ஒரு பெருமை உண்டு. பொதுவில் சொல்லக் கூசும் பெருமை, இருந்தாலும் சொல்லாமல் இந்தக் கதை நகராது. ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவில் டீ குடிக்கத்தான் நேரம் இருக்கும், ஒதுங்க நேரம் இருக்காது. விடியற்காலை டிப்போவில் ஏறினால் மத்தியானம் வரை அடக்கிக்கொண்டே டிக்கெட் கிழிப்பான். அதற்காகவே தண்ணீர் குடிக்க மாட்டான். "முப்பத்தொரு வருஷத்துல எனக்கு அவசரம்னு ஒரு நாள் வண்டிய நிறுத்துனதில்லக்கா" என்பான். வேறு ஆட்கள் மெடலைக் காட்டுவார்கள், இவன் இதைச் சொல்வான்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்னால், ஓர் ஐப்பசி மழையில், ஸ்ரீரங்கம் பஸ் ஸ்டாண்டில் நின்ற வண்டியின் சக்கரத்துக்கு அடியில் ஒரு நாய்க்குட்டி முனகியிருக்கிறது. இவன் அதைத் தோல்பைக்குள் போட்டுக்கொண்டு எங்கள் காட்டூர் வீட்டுக்கு வந்துவிட்டான். ரைட் என்று பெயர் வைத்தான். அதை வளர்த்த விதமும் கண்டக்டர் விதம்தான். பின்வாசலில் நின்று இரட்டை விசில் கொடுப்பான். ரைட் படியிறங்கி வேப்பமரத்தடிக்குப் போய்க் காலைத் தூக்கிவிட்டுத் திரும்பும். இப்போது அதற்குப் பன்னிரண்டு வயது. வீட்டுக்குள் ஒரு சொட்டு விட்டதில்லை. "இவன் என் ஸ்டாஃப் அக்கா, என்னை மாதிரியே கட்டுப்பாடு" என்று ரெங்கன் அதன் தலையைத் தட்டுவான்.

அந்த நாய்தான் போன தை மாதம், சமையலறைக்குப் பின்னால் கொல்லைக் கதவோரத்தில், ஒன்றுக்குப் போய்விட்டு எங்களைத் திருதிருவென்று பார்த்தது. முதல் நாள் கழுவிவிட்டோம். மறுநாளும் அதே இடம். அடுத்த வாரத்திலிருந்து ஹாலிலும் ஈரம். ரெங்கன் கட்டிலிலிருந்து சமையலறை வாசல் வரை, இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். நாய் படுப்பது அந்தக் கட்டிலுக்கு அடியில். பிறகு யாரைக் கேட்க வேண்டும்?

ஜோதி ஸ்கூல் டீச்சர். சாயங்காலம் ஹாலில் பாய் விரித்து இருபது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் வீட்டுக்காரன், என் தம்பி மகன், வெளிநாட்டில் இருக்கிறான். ஒரு நாள் ஒரு பெண்பிள்ளை பாவாடை நனைந்து எழுந்து நின்றது. மறுநாள் மூன்று பேர் வரவில்லை.

"நானும் மனுஷிதானே அத்தை? விடிஞ்சா துடைக்கிறேன், ஸ்கூலுக்குப் போய்ட்டு வந்தா துடைக்கிறேன்" என்று அழுதாள். வையம்பட்டியில் இருக்கும் அவள் அண்ணன் சின்னையாவுக்கு போன் போட்டாள். தோட்டத்தில் கட்டிப்போட இடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து தூக்கிக்கொண்டு போகிறேன் என்றான் அவன். ரெங்கன் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான். வேண்டாம் என்று சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் வளர்த்தவன் வாய் திறக்காதது எனக்கு என்னவோபோல் இருந்தது.

நான் சும்மா இருப்பவளா? நாய்க்குத் திமிர் என்று முடிவுகட்டினேன். ஈரத்தில் அதன் மூக்கைக் கொண்டுபோய் வைத்தேன். துடைப்பத்தால் இரண்டு போட்டேன். அது எதற்கு அடி என்று தெரியாமல் வாலை ஒடுக்கிக்கொண்டு நின்றது. தண்ணீர் குடித்தால்தானே போகும் என்று மத்தியானத்துக்குமேல் அதன் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஒளித்து வைத்தேன். அப்படியும் ஹாலில் ஈரம் நிற்கவில்லை. நிற்காதது மட்டுமில்லை, கூடியது. எனக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ஹாலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அப்படி நடந்தபோதுதான் கவனித்தேன், கட்டிலருகே இருந்த ஈரத்தில் எறும்பு மொய்த்தது. கதவோரத்து ஈரத்தில் ஓர் எறும்புகூட இல்லை.

சர்க்கரை இருந்தால் எறும்பு வரும். இது படிக்காதவளுக்கும் தெரியும். நாய்க்குச் சர்க்கரை வியாதி வந்திருக்கிறது, அடித்தது பாவம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வியாழக்கிழமை காலையில் ஆட்டோ வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். "நீயும் வாடா, உன் நாய்தானே" என்று ரெங்கனையும் இழுத்துப் போனேன். அதற்கு முன்னால் அதன் மூத்திரத்தைப் பிடிக்க வேண்டுமே என்று குழம்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு கொல்லையில் அதன் பின்னால் குனிந்து ஓடியதைப் பக்கத்து வீட்டு வஹீதா மாடியிலிருந்து பார்த்துவிட்டாள்.

"என்ன பெரியம்மா, காலையிலேயே நாய்க்கு ஊட்டிவிடுறீங்களா?"

"ஊட்டலடி, பிடிக்கிறேன். வாயை மூடிக்கிட்டு உள்ள போ."

டாக்டர் ஜாஸ்லின் சின்ன வயசுதான், ஆனால் நிதானம். எப்போதிலிருந்து, எந்த இடத்தில், தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, முக்குகிறதா, படுத்த இடமே நனைகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"தண்ணியை நான்தாம்மா நிறுத்திட்டேன்" என்றேன்.

"அதை மட்டும் செய்யாதீங்கம்மா. கிட்னியில கோளாறு இருந்தா உயிருக்கே ஆபத்து. வயசான நாய் திடீர்னு வீட்டுக்குள்ள போச்சுன்னா அது வீம்பு இல்ல. கிட்னியா இருக்கலாம், சர்க்கரையா இருக்கலாம், மூத்திரப் பையில புண்ணு இருக்கலாம். சிலதுக்கு மூளை மங்கி, வாசல் எங்க இருக்குன்னே மறந்துபோகும். வீட்ல ஏதாவது புதுசா மாத்துனாக்கூடத் தடுமாறும். அடிச்சா பயத்துல இன்னும்தான் போகும்."

நான் துடைப்பத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

கரண்டியிலிருந்து குப்பியில் ஊற்றி வந்ததில் ஒரு மெல்லிய பட்டையை நனைத்துப் பார்த்தார். நமக்கு விரலில் எடுப்பதுபோல அதன் காதோரத்தில் ஒரு சொட்டு ரத்தமும் எடுத்துப் பார்த்தார். பிறகு நாயின் பின்னங்காலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். வீல் என்று கத்தியது.

"இடுப்பு மூட்டு தேஞ்சிருக்கு. படி ஏதாவது இருக்கா வீட்ல?"

பொங்கலுக்கு முன்னால் கொல்லைப் படியை மழைத்தண்ணீர் வராமல் இரண்டு செங்கல் உயரம் ஏற்றியிருந்தோம். அதைச் சொன்னேன்.

"அதான். இறங்க முடியாம கதவுகிட்டயே போயிடுது. மத்தபடி சர்க்கரை சுத்தமா இல்லம்மா."

"எறும்பு மொய்க்குதே டாக்டரம்மா? ஹால்ல, கட்டில் பக்கம். கதவோரத்துல மொய்க்கல."

டாக்டர் பட்டையை மறுபடி பார்த்தார். "இவனுக்கு இல்லம்மா" என்றார், அவ்வளவுதான்.

நான் ரெங்கனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் நாற்காலியில் இல்லை. நாயைத் தரையில் விட்டுவிட்டு மூன்றாவது தடவையாக ஆஸ்பத்திரி கக்கூசுக்குப் போயிருந்தான். வீட்டிலிருந்து வரும்போது இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்திருந்தான். இரண்டும் காலி.

திரும்பும் வழியில் ஆட்டோக்காரர் இருக்கிறார் என்று ஒன்றும் பேசவில்லை. வீட்டில் இறங்கியதும் கேட்டேன். "எத்தனை நாளாடா?"

அவன் நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். "கட்டில்ல இருந்து எந்திரிக்கிறதுக்குள்ளயே வந்துடுதுக்கா. கொல்லைக்குப் போய்ச் சேர முடியல. முதல் நாள் நானே துடைச்சேன். ரெண்டாம் நாள் துணி எடுத்துட்டு வரதுக்குள்ள ஜோதி பாத்துட்டா. நாயைத் திட்டுனா. நான் பேசாம இருந்துட்டேன்."

"நான் அதை அடிச்சப்பவுமாடா பேசாம இருந்த?"

அவன் நாயின் காதை நீவிவிட்டான்.

"ஜோதிகிட்ட சொல்லு."

"மருமகப் பொண்ணுகிட்ட இதை எப்படிக்கா சொல்றது?"

"நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். ஞாயித்துக்கிழமை வண்டி கிளம்புற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன். அதுக்குமேல என்னால ஆகாது."

வெள்ளி போயிற்று, சனி போயிற்று. அந்த இரண்டு நாளும் அந்த வீட்டில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. நான் அரிசியில் கல் பொறுக்க உட்கார்வேன், பாதியில் எழுந்துவிடுவேன். ரெங்கன் வாசல் கேட்டைத் திறப்பான், சாத்துவான். நாய் அவன் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போகும். ஜோதி அதற்குக் கொண்டுபோகத் தட்டு, சங்கிலி, பழைய போர்வை எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி வைத்தாள். அவளுக்கும் மனசில்லை. கட்டும்போது மூக்கை உறிஞ்சினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சின்னையா குட்டியானை வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். "என்ன மாமா, உங்க ஸ்டாஃபுக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துடுச்சு" என்று சிரித்தான். ரெங்கன் சிரிக்கவில்லை. நாயைத் தூக்கிப் பின்னால் வைத்தார்கள். இடுப்பைப் பிடித்ததும் அது முனகியது. ஆனால் குரைக்கவில்லை. ரெங்கன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

சின்னையா வண்டியைக் கிளப்பினான். தெருமுனை வரை போனது. நான் வாயைத் திறந்துவிட்டேன், ஜோதி என்று கூப்பிட்டும்விட்டேன். அப்போது எனக்குப் பின்னாலிருந்து விசில் கேட்டது.

ஒற்றை விசில். நீண்டு, கடைசியில் சுழித்தது. சின்னையா எதற்கென்றே தெரியாமல் பிரேக்கை மிதித்துவிட்டான். தெருவில் சைக்கிளில் போனவரும் காலை ஊன்றிவிட்டார்.

"இறக்குப்பா அவனை" என்றான் ரெங்கன். பிறகு ஜோதியைப் பார்க்காமல், கேட்டைப் பார்த்துச் சொன்னான். "கதவோரத்துல போறது மட்டும்தான்மா அவன். ஹால்ல பண்ணுறது நான்தான்."

இந்த இடத்தில் ஜோதி பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். வந்து எழுதுகிறாள். அன்றைக்கு அவள் செய்ததையும் எழுதச் சொன்னேன். சாக்கை அவிழ்த்து நாயின் தட்டை எடுத்து, தண்ணீர் ஊற்றி வைத்தாள். அப்புறம்தான், "நாளைக்கு லீவு போடுறேன் மாமா, டாக்டர்கிட்ட போலாம்" என்றாள்.

ரெங்கனுக்குச் சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது. வருஷக்கணக்கில் அடக்கி வைத்ததும் நல்லதுக்கில்லை என்று டாக்டர் திட்டினார். மாத்திரை ஓடுகிறது. கொல்லைப்படிமேல் ஒரு பலகையைச் சாய்த்து, வழுக்காமல் இருக்கச் சாக்கை வைத்து ஆணியடித்திருக்கிறோம். ரைட்டுக்கு இடுப்பு வலிக்கு மருந்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் வீட்டில் இரட்டை விசில் கேட்கும். ரெங்கன் முன்னால், நாய் பின்னால், இரண்டு பேரும் டிரிப் போய்விட்டு வருகிறார்கள். வஹீதா மாடியிலிருந்து "வண்டி லேட்டு" என்று கத்துவாள்.

இதையெல்லாம் எழுதலாமா என்று அவனையே கேட்டேன். "எழுதச் சொல்லு. நாய்மேல பழியைப் போட்டதை மட்டும் விட்டுடாத" என்றான். விடவில்லை.

நேற்றுக் காலையில் கட்டிலருகே கொஞ்சம் ஈரம் இருந்தது. குனிந்து பார்த்தேன், எறும்பு இல்லை. இரண்டு பேரும் கட்டில்மேலும் கட்டிலடியிலுமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. துணியை எடுத்து வந்து துடைத்தேன்.