ஒரே ஏரியலில் இரண்டு ரிசீவர்

அஸ்ஸாமில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் வேலை பார்ப்பவர் எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் சிநேகிதர். நேரில் பார்த்ததில்லை. குரல்கூடக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் குட்டையும் நெட்டையுமான சத்தத்தில் மோர்ஸ் தந்தி தட்டுவார். அரியலூரில் என் வீட்டில் உட்கார்ந்து கேட்டு நான் பதில் தட்டுவேன். 1996இல் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கிய புதிதில், திக்கித் திக்கித் தட்டிய எனக்குப் பொறுமையாகக் காத்திருந்து முதல் பதில் கொடுத்தவர் அவர்தான். அவருடைய டிரான்ஸ்மிட்டர் சொந்தக் கைவேலை. ஒரு டார்ச் பல்பை எரிக்கும் பவர்தான் அதில் உண்டு. அதை வைத்தே இவ்வளவு தூரம் வருவதில் அவருக்குப் பெருமை.

2006 மழைக்காலத்துக்குப் பிறகு அவர் எனக்குக் கேட்காமல் போனார். வெறும் இரைச்சல்தான் வந்தது. பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் நண்பர் போன் பண்ணினார். இந்த நண்பருக்கு லைசென்ஸ் இன்னும் வரவில்லை; கேட்கலாம், தட்டக் கூடாது.

"அண்ணே, அவரு ஒங்களத்தான் கூப்புட்டுக்கிட்டே இருக்காரு. வாராவாரம். ஏன் பதில் குடுக்க மாட்டேங்குறீங்க?"

"செட்டுக்குக் காது மந்தமாயிருச்சுப்பா" என்றேன்.

என் செட்டு ராணுவம் கழித்துப்போட்ட வால்வு ரிசீவர்; கிரைண்டர் கனம் இருக்கும். மூன்று முறை கழற்றினேன். வால்வு மாற்றினேன், கண்டன்சர் மாற்றினேன். அஸ்ஸாமுக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம். ரிப்பேர் முடித்துவிட்டுப் பதிலே தட்டிவிடலாம் என்று நாளைத் தள்ளினேன். அதற்குள் அவர் என்னைக் கூப்பிடுவதை விட்டுவிடுவாரோ என்பதுதான் பயம்.

"ஒங்களையே மூணு தடவ கூப்புட்டாத்தான் திரும்புறீங்க. அந்தப் பொட்டி பரவால்ல" என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டேன். நான் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இருபது வருடமாகக் கல்லுடைக்கும் கிரஷருக்கு மெக்கானிக். அங்கே எல்லோருமே கத்தித்தான் பேசுவோம்.

ஒரு ஞாயிறு விடிந்ததும் நண்பர் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு போர்டு. ஏரியலில் வருவதை இது அப்படியே கம்ப்யூட்டரின் சவுண்டு கார்டுக்குத் தள்ளிவிடும். மற்ற வேலையை சாப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். பழைய செட்டா, இதுவா, மெல்லிய சிக்னலை எது நன்றாக எடுக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றார்.

வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டதும் என் செட்டு உர்ரென்று உறுமியது.

"பாத்தியா, ஒன் பொட்டி வந்ததும் என் பொட்டிக்குக் கோவம் வந்துருச்சு."

"மாமியா மருமவ மாதிரிண்ணே. தனிக்குடித்தனம் வெச்சிருவோம்."

கம்ப்யூட்டர் அடுப்படிக்குப் போனது.

"இட்லித் தட்ட எங்க வெக்கிறது? இது மேலயா?" என்றாள் மனைவி.

"வெச்சிடாதீங்க அண்ணி. ஒரே ஆவியில வெந்துரும்."

ஒரே ஏரியலை இரண்டுக்கும் கொடுத்தோம். எனக்கொரு ஹெட்போன், அவருக்கொன்று. எந்தச் செட்டின் சத்தம் வருகிறது என்று எங்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக சுவிட்ச் மனைவி கையில். கேட்ட எழுத்துகளை அவரவர் தாளில் எழுத வேண்டும். ஏழு மணிக்கு ஆரம்பித்து, அவள் இஷ்டத்துக்கு ஒன்பது முறை மாற்றி, எப்போது எது என்று குறித்துக்கொண்டாள்.

தாள்களைச் சேர்த்து வைத்தோம். நண்பர் தாளில் என் அழைப்புக்குறி, அதாவது லைசென்ஸில் எனக்குப் பெயர் மாதிரி கொடுத்த எழுத்துகள், முழுதாக இருந்தது, பழைய செட்டிலும் புதியதிலும். இரைச்சல் வெடித்த இடங்களில் கம்ப்யூட்டர் ஓரிரு எழுத்து கூடுதலாகப் பிடித்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். என் தாளில் இரண்டிலும் சேர்த்து நாலே எழுத்து.

மனைவி என் தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். 

"இங்க வாங்கண்ணே" என்று நண்பர் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். இரைச்சலெல்லாம் நீலப் புள்ளி மழையாகத் தெரிய, அதன் நடுவில் மெல்லிசாக ஒரு கோடு, விட்டு விட்டு இறங்கியது. குட்டை, நெட்டை, குட்டை. கண்ணால் படித்தேன். என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இப்பக் கேளுங்க" என்று மவுசை நகர்த்தினார். குருவி மாதிரி கீச்சென்றிருந்த சத்தம் இறங்கி, தவில் அடங்கும்போது வரும் முனகல் மாதிரி ஆனது. கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

எழுந்து பழைய செட்டிடம் போனேன். இப்படிச் சுருதியைத் தாழ்த்தும் சின்னக் குமிழ் அதிலும் இருக்கிறது. பத்து வருடம் முன்னால் எனக்குப் பிடித்த இடத்தில் வைத்து, நகராமல் இருக்க மெழுகு ஊற்றியவன் நான்தான். மெழுகைச் சுரண்டித் திருப்பினேன். அதிலும் வந்தார்.

பதில் தட்டினேன். உடனே திருப்பிக் கேட்டார்: எங்கே போனீர்கள், உடம்பு சரியில்லையா, ரிசீவர் பழுதா?

ரிசீவர் பழுது என்று தட்ட விரல் போனது. நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரிசீவர் நன்றாக இருக்கிறது, என் காதுதான் தளர்ந்துவிட்டது என்று தட்டினேன். என் மனைவிக்கே அதை நான் அப்போதுதான் சொன்ன மாதிரி. நான் தட்டத் தட்ட நண்பர் அதை வாய்விட்டுச் சொன்னார், அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

 அவர் பதில் மெதுவாக வந்தது. ஒவ்வொரு சொல்லையும் இரண்டிரண்டு முறை தட்டினார். இன்றுவரை எனக்கு அப்படித்தான் தட்டுகிறார்.