அப்பாவுக்குக் கேட்காத பதில்

அப்பாவின் காது கடலில் கெட்டது. தீவுக்கும் கரைக்கும் இடையே ஓடிய மோட்டார் வள்ளத்தில், இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று பல வருடங்கள் வேலை செய்தவர். பிறகு எனக்குப் பின்னால் கனடாவுக்கு வந்து ஸ்காபரோவில் தகடு அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். கடல் மிச்சம் வைத்ததை அந்த மெஷின்கள் எடுத்துக்கொண்டன. நான் அவருக்கு ஒரே பிள்ளை. சின்ன வயதிலிருந்தே அவரோடு உரக்கக் கதைத்துக் கதைத்து என் குரல் பெருத்துவிட்டது என்று அம்மா சொல்லுவா. அந்தக் குரல்தான் பிறகு கத்தோலிக்கக் கோயிலில் பாட உதவியது. இங்கே எங்கள் தமிழ்ப் பூசையின் பாடற்குழுவில் முதல் வரியை எடுத்துக் கொடுப்பவள் நான்தான். மைக் வேலை செய்யாத நாட்களில் சுவாமியார் என் பக்கம் திரும்பிச் சிரிப்பார். இவள் இருக்கிறாள்தானே என்ற சிரிப்பு.

கடைசி வருடங்களில் அப்பா ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். அதற்கு முன் ஸ்ரௌவ்வில்லில் எங்கள் வீட்டில் எங்களோடு இருந்தவர்தான். படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு, நானும் கணவரும் வேலைக்குப் போகிற வீட்டில் அவரைத் தனியே விட முடியவில்லை. அந்த நேரம் கண்பார்வையும் நடுவில் கறுத்துவிட்டது. ஆள் அசைவது தெரியும், முகம் தெரியாது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். முதலாவது, படுக்கை விரிப்போடு சேர்ந்து சலவைக்குப் போய்த் தொலைந்தது. அடுத்தது விசிலடிக்கிறது என்று கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் போய்ப் பக்கத்தில் இருந்து கதைத்தால் அவருக்கு விளங்கும். “உன்ர சத்தம் மட்டும்தான் உள்ளுக்குப் போகுது” என்பார். அன்றைக்கு என்ன வாசகம், யார் வந்தார்கள், யார் வரவில்லை, எல்லாம் கேட்பார். பாடின பாட்டில் ஒன்றைப் பாடச் சொல்வார். பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனப் பெரியவர் எங்கள் பாட்டுக்குத் தலையாட்டுவார்.

அப்படி இருக்கும்போதுதான் என் கழுத்தில் தைரொயிட் கட்டி கண்டுபிடித்தார்கள். எடுக்கத்தான் வேண்டும் என்றார்கள். குரலுக்குப் பாதிப்பு வரக்கூடும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சரி என்றேன். யாரிலும் குறை சொல்ல இடமில்லை. மயக்கம் தெளிந்து, கதிரையில் நித்திரையாய் இருந்த கணவரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. வீக்கம் வற்றச் சரியாகும் என்றார்கள். வீக்கம் வற்றியது, குரல் வரவில்லை. குரல் நாணுக்குப் போகும் நரம்பு ஒன்று வேலை செய்யாமல் கிடக்கிறது, தானாகத் திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும், பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார்.

நான் ஒரு பல் வைத்தியசாலையில் வரவேற்பு மேசையில் வேலை செய்தேன். தொலைபேசி எடுக்க முடியாதவளுக்கு அங்கே என்ன வேலை? அவர்கள் நல்லவர்கள். என்னை நிறுத்தவில்லை. பின்னறையில் கருவிகளைக் கழுவி, அவித்து, உறையில் இடும் வேலையைத் தந்தார்கள். நாள் முழுக்க யாரும் என்னோடு கதைக்கத் தேவையில்லாத வேலை.

கோயிலில் பாடற்குழுவை விட்டு விலகிக் கடைசி வரிசை வாங்கில் போய் இருந்தேன். செபக்கூட்டத்து அன்ரி ஒருவர் பூசை முடியும் வரை காத்திருந்து என் கையைப் பிடிப்பார். விசுவாசத்தோடு கேட்டால் ஆண்டவர் இல்லை என்று சொல்ல மாட்டார், கேட்கிற விதத்தில்தான் குறை இருக்க வேண்டும் என்பார். ஒஷாவாவில் நடந்த குணமளிக்கும் கூட்டத்துக்கு அவர்தான் எங்களை அனுப்பினார். மண்டபம் நிறையச் சனம். கைகள் என் தலையில் வைக்கப்பட்டன. நான் அழுதேன், உண்மையாகவே கேட்டேன். வெளியே வந்து காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு, கணவருக்குத் தெரியாமல் கண்ணாடிப் பக்கம் திரும்பி ஒரு சொல் சொல்லிப் பார்த்தேன். அதே காற்று. அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. காரை எடுக்கும் முன், பசிக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

அப்பாவுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. கணவர் அவருடைய காதுக்குள் குனிந்து, நேர்ஸ்மார் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். “மாமா, அவவுக்குக் குரல் போயிட்டுது. ஒப்பரேஷன் செய்தது.” மூன்றாவது தரம்தான் அப்பாவுக்கு விளங்கியது. கையை நீட்டி என் கழுத்தைத் தேடி, தழும்பை விரலால் தடவினார். “ஆண்டவர் பார்த்துக்கொள்ளுவார்” என்றார். அவர் எதற்கும் சொல்லுகிற சொல் அது. வள்ளம் புயலில் அகப்பட்டபோதும் அதைத்தான் சொன்னாராம். எனக்கு அன்றைக்கு அது ஆறுதலாக இல்லை.

அதன் பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் மாறின. வெள்ளைப் பலகை ஒன்றில் தடித்த மையால் எழுதிக் காட்டினேன். அவர் அதைக் கண்ணுக்கு ஓரமாகப் பிடித்து எழுத்து எழுத்தாகத் தேடினார். ‘சாப்பிட்டீங்களோ’ என்று எழுதினால் ‘சா’வில் தொடங்கி நடுவில் களைத்துவிடுவார். சில கிழமையில் பலகையை விட்டோம். கணவர் வரும் நாட்களில் அவரைக் கத்தச் சொல்லலாம். ஆனால் மருந்தையும் சாப்பாட்டையும்தான் கத்திச் சொல்ல முடிந்தது. ஒரு மகள் தகப்பனிடம் மெல்லச் சொல்கிற எதையும் இன்னொருவர் வாயால் கத்த முடியாது.

செபமாலை சொல்லும் முறையை அப்பாதான் கண்டுபிடித்தார். அவர் முதல் பாதியை உரக்கச் சொல்லி நிறுத்துவார். நான் மறுபாதியை உதட்டுக்குள் சொல்லி முடித்து அவருடைய கையை ஒருமுறை அழுத்துவேன். அவர் அடுத்ததைத் தொடங்குவார். கொஞ்சக் காலத்தில் அந்த அழுத்தம் எங்களுக்குள் ‘ஓம்’ என்ற சொல்லாகிவிட்டது. “பேத்தி ரெலிபோன் எடுத்தவளோ?” என்பார், நான் அழுத்துவேன். “வெளியில சினோ கொட்டுதோ?” அழுத்துவேன். இல்லை என்பதற்கு எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. அழுத்தாமல் விட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்வார், சில வேளை நான் கவனிக்கவில்லை என்று நினைத்து மறுபடி கேட்பார்.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இந்த நாட்டுக்கு வந்து, அகதிக் கேஸ் முடியாமல் ஒரு வீட்டின் பேஸ்மென்ற் அறையில் இருந்த காலத்தில் அம்மா ஊரில் காய்ச்சலில் செத்துப்போனா. சண்டையால் பாதைகள் பூட்டிக் கிடந்த நேரம். ஆனால் அப்பா நினைத்திருந்தால் யார் மூலமாவது எனக்கு அறிவித்திருக்கலாம். அவர் அறிவிக்கவில்லை. தெரிந்தால் நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன் என்று பயந்து, கேஸ் முடியும்வரை சொல்லக்கூடாது என்று சொந்தக்காரர் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டார். நான் கடிதங்களில் அம்மாவுக்குச் சுகம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். உண்மை தெரிந்தபோது எனக்கு அப்பாவில் கோபம் வந்தது. பிறகு எனக்கு மகள் பிறந்தாள். அவளை மடியில் வைத்திருந்த ஒரு நாள், அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று யாரும் சொல்லாமலே விளங்கியது. கோபம் எப்போது போனது என்று எனக்கே தெரியாது. அவர் இங்கே வந்து சேர்ந்த பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அது முடிந்துபோன கதை, அவருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

குளிர்காலம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. செபமாலை பாதியில் நின்றது. அப்பா அடுத்ததைத் தொடங்கவில்லை. களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

“பிள்ளை,” என்றார். “அம்மாவின்ர செத்தவீட்டை உனக்கு அறிவிக்காமல் விட்டது என்ர பிழைதானே?”

என் கை அவருடைய கைக்குள் இருந்தது. அழுத்தினால் ‘ஓம், பிழைதான்’ என்றாகிவிடும். அழுத்தாமல் விட்டால், நான் பதில் சொல்ல விரும்பவில்லை என்றுதான் அவர் நினைப்பார். “இல்லை அப்பா” என்றேன். எனக்கே கேட்கவில்லை. எழும்பி அவருடைய காதில் வாயை வைத்து, தொண்டை நோகும்வரை இல்லை, இல்லை என்று காற்றை ஊதினேன். அவர் காதைக் கூச்சத்தோடு ஒதுக்கினார். பிறகு அவருடைய உள்ளங்கையை எடுத்து என் கன்னத்தில் வைத்து, தலையை இடமும் வலமும் ஆட்டிக் காட்டினேன். கன்னம் ஈரமாக இருந்தது.

“அழாதை,” என்றார். “சரி, விடு. விடு.”

தலையாட்டியது அவருக்கு விளங்கியதா, அல்லது கண்ணீரை மட்டும் தொட்டாரா? தெரியாது. அவர் செபமாலையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். நான் அழுத்த வேண்டிய இடங்களில் அழுத்தினேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கணவருக்கு எழுதிக் காட்டினேன். அடுத்த ஞாயிறு தானே வந்து சொல்கிறேன், எத்தனை தரம் கத்த வேண்டி வந்தாலும் கத்துகிறேன் என்றார். அந்த வெள்ளிக்கிழமை இல்லத்தில் காய்ச்சல் பரவிவிட்டது என்று அப்பா இருந்த மேல் மாடிக்கு யாரையும் விடவில்லை. தொலைபேசி அப்பாவுக்குப் பயன்படாது. தாதியிடம் ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பக்கூடிய சங்கதியும் இல்லை. நான் அந்த நாட்களில் செபித்ததுபோல் ஒருபோதும் செபித்ததில்லை. குரல் தா என்று கேட்பதை விட்டுவிட்டேன். ஒரு சொல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன்.

தடை எடுபடுவதற்கு முன்னரே அப்பாவுக்கு நியுமோனியா ஆகி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முகத்தில் ஒக்சிஜன் மாஸ்க், கண் மூடியிருந்தது. கணவர் அவருடைய காதில் கத்தினார். “மாமா, நீங்கள் செய்தது பிழை இல்லையாம். அவவுக்கு உங்களில ஒரு கோபமும் இல்லையாம்.” ‘யாம், யாம்’ என்று அந்த அறை முழுக்கக் கேட்டது. அப்பாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. நான் அவருடைய கையைப் பிடித்திருந்தேன். பழைய கேள்விக்கு ஓம் என்றாகிவிடுமோ என்று அழுத்தவில்லை. அடுத்த நாள் விடிய அவர் போய்விட்டார்.

அவருடைய உடுப்புகளை எடுக்க இல்லத்துக்குப் போனபோது, அவரைப் பார்த்துக்கொண்ட பிலிப்பீன்ஸ் நாட்டுப் பெண் என்னைத் தேடி வந்தாள். பூட்டியிருந்த நாட்களில் அப்பா பின்னேரங்களில் கையை நீட்டிக்கொண்டு தன் மொழியில் ஏதோ சொல்லி நிறுத்துவாராம். முதலில் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தாளாம். பிறகுதான் மற்றக் கையில் செபமாலை இருப்பதைக் கண்டிருக்கிறாள். அவளும் கத்தோலிக்கப் பெண். பக்கத்தில் இருந்து தன் மொழியில் மறுபாதியைச் சொல்லிவிட்டு, அவர் தொடங்காமல் காத்திருப்பதைப் பார்த்துக் கையை அழுத்தினாளாம். அவர் தொடங்கினாராம். வேலை முடிந்து போகும் முன் ஒவ்வொரு நாளும் வந்தாளாம். நான் உங்களைப்போல நடித்து அவரை ஏமாற்றிவிட்டேனோ என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

குரல் அடுத்த கோடையில் வந்தது. கழுத்தில் ஊசி போட்டு அந்த நாணை நிமிர்த்தி, மாதக்கணக்கில் பயிற்சி தந்தார்கள். பழைய குரல் இல்லை. தடித்தது, மேலே ஏறாது, களைத்தால் உடையும். பயிற்சி தந்த வெள்ளைக்காரப் பெண் ஒருநாள் ஆங்கிலத்தை விட்டு என் சொந்த மொழியில் வாயில் வருகிற எதையாவது சொல்லச் சொன்னாள். நான் யோசிக்கவில்லை. “பிழை இல்லை அப்பா” என்றேன். அறைக்கு வெளியே இருந்தவர்களுக்கும் கேட்கும்படி வந்தது. அவள் சந்தோஷத்தில் கைதட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சுவாமியாரிடம் போய்க் கேட்டேன். தருவதாக இருந்தால் சில மாதங்கள் முந்தித் தந்திருக்கக்கூடாதா? “எனக்குத் தெரியேல்லை, மகள். தெரிஞ்சமாதிரி ஒண்டைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை” என்றார். அன்ரி சொன்ன எல்லாவற்றையும்விட அது எனக்கு உதவியது. பூட்டின கதவுக்குள் அப்பாவின் செபத்துக்கு மறுபாதி சொல்ல ஒருத்தியை அனுப்பியவர் என் பதிலையும் அவரிடம் சேர்த்திருப்பார் என்று பல நாள் நினைக்கிறேன். சில நாள் அப்படி நினைக்க முடிவதில்லை. அந்த நாட்களிலும் பூசைக்குப் போகிறேன். பாடற்குழுவில் இப்போது பின்வரிசையில், தாழ்ந்த குரல்காரரோடு நிற்கிறேன். முதல் வரியை இன்னொரு பெண் எடுக்கிறாள். நன்றாகத்தான் எடுக்கிறாள்.

போன ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது மார்க்கம் நகரைத் தாண்டும் மட்டும் நான் ஒன்றும் கதைக்கவில்லை.

“என்ன, பேசாமல் வாறீர்?” என்றார் கணவர்.

செபம் சொல்கிறேன் என்றேன். அவர் ரேடியோவை நிறுத்தினார்.