கள்ளிக்காடு வெட்டிய ஞாயிறு

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு முதல் டீச்சர் வேலை, கடியப்பட்டணம் தாண்டி ஒரு கடற்கரை ஊரில். நாகர்கோவிலில் படித்துவிட்டு வந்தவள் நான். எதையாவது திருத்தாமல் கை சும்மா இருக்காது. ஊருக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் சப்பாத்திக்கள்ளி ஆள் உயரத்துக்கு அடர்ந்து கிடந்தது. தினமும் இரண்டு பிள்ளைகளாவது முள் ஏறிய காலோடு நொண்டி வரும். பாடம் நடத்தினேனோ இல்லையோ, ஊக்கு வைத்து முள் எடுத்தேன்.

பொறுக்கவில்லை. தகப்பன்மாரைக் கூப்பிட்டுப் பேசினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் அரிவாளோடு வந்தவர்கள், மத்தியானத்துக்குள் மேட்டை மொட்டையடித்து, மடல்களை ஓரமாகக் குவித்துவிட்டார்கள். பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அதை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன். அவ்வளவு தலைக்கனம்.

எனக்குச் சாப்பாடு போடுகிற வீட்டுக்காரி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. மறுநாளிலிருந்து பகலில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். சாயங்காலமானால் அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடப்பாள். இருட்டிவிட்டதா என்று எட்டிப் பார்ப்பாள். குடிக்காமல் இருந்தால் உடம்புக்கு ஆகாது என்று நான் நீட்டிய தண்ணீர்ச் செம்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

"முள்ளு குத்துனா எடுத்திரலாம் டீச்சர். பொம்பளைக இனி எங்க போய் ஒதுங்க?"

சத்தம்கூடப் போடவில்லை. ஆண்களுக்குக் கடற்கரை இருந்தது. எனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓலை மறைப்பு இருந்தது. அதனால் இந்தக் கேள்வியே என் புத்தியில் உதிக்கவில்லை. மறைப்பை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் அது எந்த மூலைக்கு?

கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மழை பெய்த மறுவாரம் குவியலைப் போய்ப் பார்த்தால், வெட்டிப்போட்ட மடல்கள் வேர்விட்டுக் கிடந்தன. வேலை உத்தரவு வந்த அன்றுகூட எனக்கு அத்தனை சந்தோஷம் இல்லை. ஆண்கள் கடலுக்குப் போயிருந்த நேரம் ஓலைப்பெட்டியில் சுமந்து பழைய இடத்திலேயே நட்டேன். பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்துகொண்டார்கள். கையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பூமுள் ஏறியது.

மறைக்கிற உயரம் வர இரண்டு மழைக்காலம் ஆயிற்று. தினமும் போய் என் இடுப்போடு அளந்து பார்ப்பேன். பார்க்கப் பார்க்க அது வளராமல் நிற்பதுபோலிருக்கும். என் பொறுமையின்மைக்காகக் கள்ளியைத் திட்டியிருக்கிறேன்.

அந்த வீட்டுக்காரி பெற்ற பிள்ளை ஓடத் தொடங்கி, அதன் காலிலும் முள் ஏறியது. தகப்பன் அரிவாளோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"பின்னையும் முளைச்சிட்டு டீச்சர். இந்த ஞாயிறு வெட்டீரலாமா?"

"வெட்டாண்டாம்," என்றேன். "பிள்ளையக் கொண்டு வாரும். முள்ள நான் எடுக்கேன்."