மருந்து இல்லாத மூன்று ரவைகள்

எங்கள் வீட்டில் இரண்டு வகை ரவை உண்டு. ஒன்று சமையலறை அலுமாரியில் இருக்கிறது. மற்றது, சலவை இயந்திரம் நிற்கும் பின்னறையில், பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒருநாள் வேலையில் நிற்கும்போது மனைவியிடமிருந்து செய்தி வந்தது: "ரவை முடிஞ்சுது, வரேக்க வாங்கிக்கொண்டு வாங்கோ." நான் உடனே "எது, ஆறரையோ?" என்று கேட்டு எழுதினேன். "ஆறரைக்கு வந்தாலும் காணும், உப்புமா பிந்திச் செய்யலாம்" என்று பதில் வந்தது. என் வேட்டைத் துவக்கின் ரவை, அதாவது தோட்டா, ஆறரை மில்லிமீற்றர். அன்று என் தலைக்குள் உப்புமா இருக்கவில்லை என்பது அவளுக்கு விளங்கியிருக்கும்.

நான் டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துகிறவன். என்னோடு வேலை செய்த மூன்று டெனிஷ்காரர்களும் நானும் சேர்ந்து ஒரு சிறு காட்டை வாடகைக்கு எடுத்து வேட்டையாடுகிறோம். அவர்களில் எங்களுக்குத் தலைவர், முன்பு எனக்கு ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு மிகக் குறைவு. இருபது வருடம் அவரோடு ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். அவர் என்னை ஒருதடவை கூடப் புகழ்ந்ததில்லை. அவர் வேட்டைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்ட நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஆட்கள் சிலர் "உனக்கேன் இந்த வேலை, துவக்கைக் கண்டு ஓடி வந்தனாங்களெல்லோ" என்று நக்கலடித்தார்கள். எனக்கு வீம்பு கூடத்தான். அதற்காகவே சோதனை எழுதி அனுமதிப்பத்திரம் எடுத்தேன் என்றும் சொல்லலாம்.

ரவையை நானே செய்வது இரண்டு வருடத்துக்கு முன்பு தொடங்கிய பைத்தியம். வெடித்து முடிந்த பித்தளைக் கோதைத் துப்புரவாக்கி, அடியில் பொறி கிளப்பும் புதுப் பிரைமரைப் பதித்து, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே பறந்து போகிற உலோகச் சன்னத்தை அழுத்திப் பொருத்த வேண்டும். பொலிஸ் அனுமதி வேண்டும், பொறுமையும் வேண்டும். முதலாவது கிடைத்தது. இரண்டாவது என் மனைவியிடம் இருந்தது.

அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அங்கே ஒருவர் மருந்து எடுத்து வைத்தால் இன்னொருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தராசோடு இருப்பதைக் கண்டு, முதல் நாளே கேட்டாள்:

"மருந்து நிறுக்கிறியள், ஆர் செக் பண்றது?"

"இது வெடிமருந்தப்பா."

"எந்த மருந்தெண்டாலும் ரெண்டு பேர் பாக்கோணும்."

அன்றிலிருந்து நான் நிறுப்பேன், அவள் தராசைப் பார்த்துத் தாளில் சரி போடுவாள். வெடிச் சத்தம் அவளுக்கு ஆகாது, சுடுமிடத்துக்கு ஒருநாளும் வரமாட்டாள். ஆனால் தராசு அவளுக்குப் பிடித்துப்போனது. பெட்டிகளில் பெயர் எழுதி ஒட்டுவதும் அவள்தான்.

ஒரு ரவை என் துவக்கின் அறைக்குள் நீளம் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க, மருந்து போடாத ரவைகள் சிலதைச் செய்து வைத்திருப்பது வழக்கம். நான் மூன்று செய்தேன். ஏற்கெனவே வெடித்த பழைய பிரைமர்களைக் கழற்றாமல் அப்படியே விட்டிருந்தேன். அவை ரவைப் பெட்டியின் கடைசி வரிசையில் இருந்தன. அவள் தடித்த பேனாவால் அந்த வரிசைக்கு மேலே "மருந்து இல்லை" என்று தமிழில் எழுதி ஒட்டினாள். மருந்து போட்ட மற்ற வரிசைகளில் ஒன்றும் எழுதவில்லை. இந்தப் பெட்டியை ஒரு டெனிஷ்காரன் திறப்பான் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை.

இனி மே மாதத்துக் கதையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு இன்னும் நா கூசுகிறது.

கலைமான் போன்ற பெரிய மிருகமல்ல, ஆட்டளவு உயரமுள்ள ஒரு காட்டுமான். விடிந்து ஒரு மணித்தியாலம் இருக்கும், எண்பது மீற்றரில் பக்கவாட்டில் நின்றது. குறி தப்ப வழியில்லாத வெடி. எனக்குத் தப்பியது. மான் பின்காலை இழுத்துக்கொண்டு கோதுமை வயலுக்குள் ஓடியது. தடம் பிடிக்கும் நாயோடு ஒருவரைக் கூப்பிட்டோம். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு நாய் அதைக் கண்டுபிடித்தது. அதுவரை அது உயிரோடுதான் இருந்தது. நாய்க்காரர்தான் கதையை முடித்தார்.

காரணம் கேட்டார்கள். சன்னத்தில் ஈயம் தடைசெய்யப்பட்ட பிறகு நாங்கள் எல்லோரும் செப்புச் சன்னத்துக்கு மாறியிருந்தோம். வாயில் வந்தது அதுதான். "இந்தச் செப்புச் சன்னம் நம்பேலாது, ஆறரையும் சின்னன்" என்பதை டெனிஷில் சொன்னேன். தலைவர் தலையாட்டினார். நான் பாவிக்கும் அதே கம்பனிச் செப்புச் சன்னத்தைத்தான் அவரும் பாவித்தார். என் பேச்சை நம்பி அதை நிறுத்தி, வேறு வகை வாங்கி, கோடை முழுவதும் தன் துவக்கைத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அதைக் காணும்போதெல்லாம் நான் வேறு கதைக்கு மாறினேன்.

நானோ என் பொய்யை நானே நம்பத் தொடங்கியிருந்தேன். கோடை முழுக்க எந்த ரவைக்கு மாறுவது என்பதே பேச்சு. முப்பது சைபர் ஆறு என்ற ரவை நல்லதென்று முடிவெடுத்தேன். பெரிய கோது, கூட மருந்து, பாரமான சன்னம். ஆறரை போகிற வழியெல்லாம் தட்டையாகப் போகும், தோளில் மெதுவாக உதைக்கும், இந்தக் காட்டில் நிற்கும் எந்த மானுக்கும் போதும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அட்டவணைகளை வைத்துக்கொண்டு அதை மட்டம் தட்டினேன். மனைவி தேத்தண்ணீரை வைத்துவிட்டு ஒருமுறை கேட்டாள்: "பெரிசெண்டால் இன்னும் சத்தமாய் வெடிக்குமெல்லோ?" நான் "உமக்கென்ன தெரியும்" என்று எரிந்து விழுந்தேன்.

செப்டெம்பரில் தலைவர் சுடுமிடத்துக்கு அழைத்தார். அவரிடம் முப்பது சைபர் ஆறுத் துவக்கு ஒன்று இருக்கிறது, வாங்குமுன் சுட்டுப் பார் என்றார். இலையுதிர்கால வேட்டைக்கு முன் என் குறியையும் பார்க்க வேண்டும் என்றார். அதுதான் உண்மையான காரணம் என்று எனக்கு விளங்கியது. இன்னொரு மானைக் காயப்படுத்தினால் அந்தக் கூட்டத்தில் எனக்கு இடமில்லை. யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது.

முதலில் என் ஆறரை. நான் படுத்துக் குறி பார்த்தேன், அவர் பக்கத்தில் முழங்காலில் இருந்து ஒவ்வொரு ரவையாகத் துவக்கில் போட்டார். கண்ணாடியைக் காரில் விட்டிருந்தார். இரண்டு வெடி. இரண்டும் அட்டையில் பட்டன, ஆனால் கீழே. பிறகு அவர் பெட்டியை ஒருதரம் பார்த்தார். கடைசி வரிசையில் மட்டும் அழகான எழுத்து ஒட்டியிருந்தது. நன்றாக வந்த ரவைகளை நான் அடையாளம் பண்ணி வைத்திருக்கிறேன் என்று நினைத்தாராம். அதில் ஒன்றை எடுத்துப் போட்டார்.

நான் விசையை இழுத்தேன். 'டிக்' என்று மட்டும் கேட்டது.

அந்த டிக் சத்தத்தோடு துவக்கின் வாய் ஒரு சாண் கீழே குத்தியது. என் தோள் முன்னால் பாய்ந்திருந்தது. கண் இரண்டும் இறுக்க மூடியிருந்தன, திறந்தபோதுதான் மூடியது தெரிந்தது. வெடி இல்லை, உதை இல்லை, புகை இல்லை. என் உடம்பு மட்டும் துள்ளியது.

அவர் துவக்கைத் திறந்து ரவையை எடுத்துக் கண்ணருகில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒட்டியிருந்த எழுத்தைக் காட்டினார்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

"மருந்து இல்லை என்று."

ரவையை என் முன்னால் வைத்தார். "அப்படியென்றால் துள்ளியது எது?" என்றார்.

நான் பாயில் முகம் புதைத்துக் கிடந்தேன். ஐம்பத்திரண்டு வயது மனுசன். வெட்கத்தில் காது சுட்டது. சின்ன வயதில், ஊரில் செல் குண்டு அடிக்கிற காலத்தில், சத்தம் வருமுன்னே கண்ணை மூடிக் காதைப் பொத்தி நிலத்தில் விழப் பழகிய உடம்பு இது. அதை அவருக்குச் சொல்லலாம்தான். ஆனால் அதைச் சொன்னால் அவர் இரக்கப்படுவார், நான் சொன்ன பொய் அதற்குள் ஒளிந்துவிடும். அதனால் மற்றதைச் சொன்னேன். மே மாதத்தில் சன்னத்தில் ஒரு பிழையும் இல்லை, நான் கண்ணை மூடிவிட்டேன், அது எனக்கு அப்போதே தெரியும் என்றேன்.

அவர் மற்ற இரண்டு வெறும் ரவைகளையும் பெட்டியிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "மற்ற இருவருக்கும் நீதான் சொல்ல வேண்டும்" என்றார். தன் முப்பது சைபர் ஆறுத் துவக்கை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள், கத்தியை வைக்கவில்லை.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"வருசப் பிறப்புக்கு வாணம் விடேக்க ஒவ்வொரு வருசமும் பாக்கிறன்தானே. திரி எரியேக்கயே கண்ணை மூடிப் போடுவியள்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சத்தம் கூடுமோ எண்டு கேட்டன். நீங்கள்தானே பாய்ஞ்சியள்."

நான் பின்னறைக்குப் போய் அந்த மூன்று ரவைகளையும் பழைய வரிசையிலேயே வைத்தேன்.

ஒக்டோபரில் வேட்டை நாள். துவங்கும் முன் எல்லோரும் வட்டமாக நிற்க, எதைச் சுடலாம், எங்கே நிற்க வேண்டும் என்று தலைவர் சொல்வது வழக்கம். அதை முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். பயந்த அளவுக்கு நீளமாக இல்லை, நாலு வசனம். ஒருவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். மற்றவர் நான் பேசி முடித்த பிறகு எனக்கொரு கோப்பி ஊற்றித் தந்தார். தலைவர் சட்டைப் பையிலிருந்து தன் ரவைகளை எடுத்துத் துவக்கில் போட்டார். பழைய செப்புச் சன்னத்துக்குத் திரும்பியிருந்தார்.

எனக்கு அன்று துவக்கு இல்லை. அவர் நிற்கும் இடத்தில் பக்கத்தில் நிற்கச் சொன்னார். "நான் சுடும்போது மானைப் பார். எங்கே பட்டது என்று நீ சொல்ல வேண்டும்" என்றார்.

பத்து மணியளவில் ஒரு பெண்மான் ஊசியிலை மரங்களுக்கிடையிலிருந்து மெதுவாக வெளியே வந்து நின்றது. அவர் துவக்கை உயர்த்தினார். நான் கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தேன். அதன் காது அசைவதைக் கண்டேன். மூக்கில் ஈரம் மினுங்கியதைக் கண்டேன். வெடித்தது. மான் விழுந்த இடத்திலேயே கிடந்தது.

"எங்கே பட்டது?" என்று கேட்டார்.

தோளுக்குப் பின்னால் என்று சொல்லியிருக்கலாம். அவர் எப்போதும் அங்கேதான் சுடுவார். மான் விழுந்திருக்கிறது, யார் சரிபார்க்கப் போகிறார்கள். வாய் வரை வந்தது.

"தெரியாது," என்றேன். "கண்ணை மூடிவிட்டேன்."

அவர் கோதை வெளியே தட்டிவிட்டுக் குனிந்து எடுத்தார். இன்னும் சூடாக இருந்த அதை என் கையில் தந்தார்.

"சனிக்கிழமை ஒன்பதுக்குச் சுடுமிடத்துக்கு வா," என்றார். "உன் ஆறரையைக் கொண்டு வா. மருந்து இல்லாத அந்த மூன்றையும் கொண்டு வா. எதை எப்போது போடுகிறேன் என்று உனக்குச் சொல்லமாட்டேன்."