பாசித் தண்ணீரும் ஆட்டுப் புழுக்களும்

கற்பிட்டிக் கடலில் முழங்காலளவு தண்ணீரில் நின்று சாச்சி பாசி பிடுங்கத் தொடங்கியதும், கொழும்பில் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஊரில் கதை பரவியது. உம்மாவின் தங்கையான அவர் அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அந்த விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, உடுப்புப் பையைவிடப் பெரிய பெட்டியில் ஒரு நுணுக்குக்காட்டியையும் கொண்டுவந்திருந்தார்.

அப்போது என் ஆடு நோயில் கிடந்தது. வயிற்றில் புழு. மிருக வைத்தியர் தந்த மருந்து அந்தப் புழுக்களுக்குப் பழகிப்போய், கொடுத்தாலும் அவை சாகவில்லை. தன்னைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டப் பாசி தனக்குள் நஞ்சு செய்து வைத்திருக்கும், அதில் புழுவுக்கு மருந்து இருக்கக்கூடும் என்றார் சாச்சி. அதைச் சோதித்துப் பார்க்க, ஆட்டுப் புழுக்கையை ஈரமாக மூடிவைத்து, அதிலிருந்த முட்டைகளிலிருந்து குஞ்சுப் புழுக்களைப் பொரிக்கவைத்தார்.

“இவ்வளவு படிச்சிப்போட்டு புழுக்கையக் கிளறுறா” என்று உம்மா தலையில் கைவைத்தார்.

சாச்சி என்னைக் கூப்பிட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொன்னார். கண்ணை வைத்தவள் திடுக்கிட்டுப் பின்வாங்கினேன். மறுபடி வைத்த கண்ணை எடுக்க மனம் வரவில்லை. ஒரு துளித் தண்ணீருக்குள் கண்ணாடி போன்ற உடம்புகள் ஓயாமல் வளைந்து நெளிந்து, பள்ளி விட்ட பிள்ளைகளைப்போல முண்டியடித்தன. என் ஆட்டைத் தின்பவை இத்தனை அழகாயிருந்தது எனக்குப் பயத்தைத் தந்தது.

ஸ்பிரிட்டில் பாசியை ஊறவைத்து எடுத்த பச்சைச் சாற்றில் ஒரு சொட்டை எடுத்துச் சாச்சி அந்தத் துளிக்குள் விட்டார். நெளிவுகள் மெதுவாகின. பிறகு எல்லாம் குச்சிகளைப்போல நீட்டி நிமிர்ந்து அடங்கிவிட்டன.

“வாப்பா, மருந்து கிடைச்சிட்டு!” நான் போட்ட கூச்சலில் வாப்பா தோட்டத்திலிருந்து ஓடிவந்தார்.

சாச்சியோ இன்னொரு கண்ணாடித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இதயும் பாரு மகள். இதுல பாசி இல்ல, வெறும் ஸ்பிரிட்தான்.”

அதிலும் எல்லாம் செத்துக் கிடந்தன.

“அப்ப ரெண்டும் மருந்துதானே சாச்சி?”

வாப்பா சிரித்துவிட்டார். சாச்சி சிரிக்கவில்லை. “புழுவச் சாகடிச்சது பாசியா ஸ்பிரிட்டா எண்டு தெரியாது. தெரியாதத ஆட்டுக்குக் குடுக்க ஏலாது மகள்.”

அந்த வாரமே ஆடு செத்துப்போனது. என்னோடு சேர்ந்து சாச்சியும் அழுதார். அடுத்த நாள் காலையில் மறுபடியும் கடலில் இறங்கினார்.

இந்த முறை ஸ்பிரிட் முழுவதும் காய்ந்து போகும்வரை பொறுத்திருந்து, மிஞ்சிய பச்சைக் கசடைத் தண்ணீரில் கரைத்தார். வெறும் தண்ணீர் விட்ட தட்டில் எல்லாப் புழுக்களும் நீந்தின. பாசி விட்ட தட்டிலும் பெரும்பாலானவை நீந்திக்கொண்டுதான் இருந்தன. ஓரமாகச் சில மட்டும் நீட்டி நிமிர்ந்து கிடந்தன.

“வடிவாப் பாரு. அது அசையுதா?”

“இல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்! இது பாசிதான்!” சாச்சி என்னைத் தூக்கிச் சுற்றினார். அவர் கண்கள் நிறைந்திருந்தன.

எல்லாம் செத்தபோது வாடிப்போன முகம், இத்தனை புழுக்கள் உயிரோடு நீந்தும்போது எப்படி இவ்வளவு ஒளிர்கிறது? எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அவர் கைகளில் சுழன்றபடி, அந்த முகத்தையே வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.