உப்புப் போடுவேன் என்று சொன்ன தாய்

இத்தாலியில், நாப்போலி நகரில் எங்கள் தெரு, எதிர்ப் பல்கனிக்காரி தன் மகனைக் கொல்லப்போவதாகக் கத்துவதோடுதான் விடிகிறது. "தி அம்மாத்ஸோ!" என்பாள். உன்னைக் கொன்றுவிடுவேன் என்று அர்த்தம். பையன் அதைக் காதிலும் போட்டுக்கொள்ளாமல் படியிறங்கித் தெருவுக்கு வருவான். அவன் மறந்துபோன சாப்பாட்டுப் பொதியை அவள் கயிற்றில் கட்டிய கூடையில் வைத்து மேலேயிருந்து இறக்கிவிடுவாள். வந்த புதிதில் பயந்து ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். பிறகு பழகிவிட்டது. கீழே மருந்துக்கடையில் நிற்கிற பெண்ணுக்கு என் மகள் ஷெரினைக் கண்டால் போதும், கன்னத்தைக் கிள்ளி, "உன்னைத் தின்றுவிடுவேன்" என்பாள். ஒருவரும் பொலிசைக் கூப்பிடுவதில்லை. அது அன்பு என்று எல்லாருக்கும் தெரியும். நானும் அதை அன்பென்றே எடுத்துக்கொண்டேன். என் அன்பையும் இவர்கள் அப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பினேன் பாருங்கள், அங்கேதான் நான் மோசம் போனேன்.

இந்த வருடம் மகளின் வகுப்பில் 'சிமிலிதூதினே' படிப்பிக்கத் தொடங்கினார்கள். ஒன்றை இன்னொன்றுக்கு ஒப்பிட்டுச் சொல்கிற பாடம், நம்முடைய உவமைதான். முதலில் மேசை, கதிரை, குடை என்று கண்ணால் காண்கிற சாமான்களை ஒப்பிட்டார்கள். பிறகு பயம், சந்தோசம், பொறாமை என்று கையில் பிடிக்க முடியாதவற்றை. கடைசியில் மயெஸ்த்ரா, அதாவது வகுப்பாசிரியை, ஒவ்வொருவரையும் எழும்பி நின்று தங்கள் தாயை எதற்காவது ஒப்பிடச் சொன்னாராம். ஒருத்தி தேன் என்றாள். ஒருவன் சூரியன் என்றான். என் மகள் எழும்பி, "என் அம்மா மீன் வெட்டுகிற கத்தி போல. நான் சொல்வழி கேட்காவிட்டால் என் வயிற்றைக் கிழித்து, குடலை எடுத்து, உப்புப் போட்டு வெயிலில் காயவைப்பாள்" என்றாள். இதை அவளே வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை என்பது மட்டும்தான் அவளுக்குக் குறை.

இலங்கையில், நம்முடைய கற்பிட்டிக் கரையில் இருக்கிற உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆலங்குடாவுக்குப் பக்கத்தில், கருவாடு போடுகிற எங்கள் வாடியில் அம்மாவும் சின்னம்மாவும் கட்டா மீனை வகுந்து உப்பு வைத்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் பிள்ளைகள் காயப்போட்ட பாய்களுக்கு நடுவே ஓடித் திரிவோம். "ஏய் குட்டி, அந்தப் பாய்ல கால வச்சியோ, உன்னயும் வகுந்து உப்பு வெச்சிடுவன்" என்று அம்மா கத்துவார். சின்னம்மா விடமாட்டார். "அதுக்கு ஏன் உப்ப வீணாக்கிற? எலும்பும் தோலுமாக் கிடக்கு, நெத்தலிக்கும் காணாது" என்பார். நான் சிரித்துக்கொண்டு வேண்டுமென்றே இன்னொரு பாயின் ஓரத்தை மிதிப்பேன். எங்கள் கைக்குப் பக்கத்தில் எது கிடந்ததோ அதை எடுத்துத்தான் நாங்கள் கதைத்தோம். வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடக்கிறவன் கரையேத்தின வள்ளம். யோசனை கூடிய மனம் சிக்குப்பட்ட வலை. தேனும் சூரியனும் எங்கள் வீட்டுக் கதையில் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. போனால் மயெஸ்த்ராவோடு இன்னொரு பெண்ணும் இருந்தார். அசிஸ்தெந்தே சோச்சாலே என்றார்கள். பிள்ளைகளுக்கு வீட்டில் ஆபத்து இருக்கிறதா என்று பார்க்கிற அரசாங்க உத்தியோகத்தர். மயெஸ்த்ரா முதலில் என்னைக் குளிர வைக்கப் பார்த்தார். ஆலங்குடாக் கடற்கரையின் படங்களைப் பார்த்தாராம், பட்டம் பிடித்துக்கொண்டு அலைமேல் பறக்கிறவர்களைப் பார்த்தாராம். "உங்கள் ஊர் பரதீஸோ போல இருக்கிறது" என்றார். பரதீஸோ என்றால் சொர்க்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சொர்க்கத்துக்கு வருகிறவர்களின் மூக்குக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு ஹோட்டல்காரர் முறைப்பாடு செய்துதான் அம்மாவின் வாடியைப் பிடுங்கிப் பின்னுக்குத் தள்ளினார்கள். சொர்க்கத்தில் கருவாடு நாறக்கூடாதாம். இதைச் சொல்ல எனக்கு இத்தாலி மொழி போதவில்லை. தலையை ஆட்டினேன்.

பிறகு கேள்விகள் வந்தன.

"வீட்டில் பெரிய கத்தி இருக்கிறதா?"

"இருக்கிறது. மீன் வெட்ட."

"மகளுக்கு முன்னால் வெட்டுவீர்களா?"

"ஓம். குசினி சின்னது. அவள் பக்கத்தில் நிற்பாள்."

"உப்புப் போடுவேன் என்பதை எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா?"

"ஒவ்வொரு நாளும் சொல்வேன். பாசத்தில்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மையைச் சொல்லச் சொல்ல நான் புதைந்துகொண்டு போனேன். எதிர்ப் பல்கனிக்காரி மகனைத் தினம் கொல்கிறாளே, அவளையும் கூப்பிட்டீர்களா என்று கேட்டேன். "அது வெறும் பேச்சு வழக்கு, சிஞோரா" என்றார் அசிஸ்தெந்தே. அவர்களுடையது பேச்சு வழக்கு, என்னுடையது வாக்குமூலம். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கே மகளைப் பறிகொடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்து பார்ப்போம் என்றார்கள். தேவைப்பட்டால் விசயம் பிள்ளைகளுக்கான நீதிமன்றத்துக்குப் போகும், மகள் கொஞ்சக் காலம் வேறிடத்தில் இருக்கவேண்டி வரலாம் என்றும் மெல்லிய குரலில் சொன்னார்கள். அந்த மெல்லிய குரலை நான் வாழ்நாளில் மன்னிக்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்தால் என் கணவர் எனக்கு மேலாகப் பயந்துபோயிருந்தார். பயம் அவரிடம் எப்போதும் புத்திமதியாகத்தான் வெளிவரும்.

"நீ உந்தக் கருவாட்டுக் கதையெல்லாம் விடு. இவங்கட ஆக்கள் மாதிரி மெதுவாக் கத. புள்ள போயிட்டா என்ன செய்வாய்?"

"நான் என்ன களவா எடுத்தன்? என்ட புள்ளய என்ட வாயால ஏசினன்."

"ஏசு. ஆனா ஊர் மாதிரி ஏசாத."

அவர் மேல் வந்த ஆத்திரத்தில் சட்டியைப் போட்டு உடைத்திருப்பேன். ஆனால் அவர் சொன்னதில் பிழை இல்லை, அதுதான் கூட எரிந்தது. அன்றிலிருந்து பழகினேன். 'நீ செய்தது எனக்குக் கவலையைத் தருகிறது.' 'தயவுசெய்து இதை இனிமேல் செய்யாதே.' பள்ளிக்கூடத்தில் மயெஸ்த்ரா எனக்குச் சொல்லித் தந்த வசனங்கள். கத்தியில்லை, உப்பில்லை, மீனில்லை.

பழகும்போதெல்லாம் அக்காவின் ஞாபகம் வந்தது. அக்கா வீட்டுக்குச் சொல்லாமல் ஒருவரைக் கட்டிக்கொண்டு சிலாபத்துக்குப் போனவர். ஒரு வருசத்துக்குப் பிறகு அக்கா திரும்பி வந்து வாசல் படலையில் நின்றபோது, அம்மா கிழிப்பார் என்று நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். அம்மா மெதுவாக, மரியாதையாக, "வந்த காரியம் என்ன?" என்று கேட்டார். அவ்வளவுதான். "ஏசுங்கம்மா, வகுந்து போடுங்கம்மா" என்று அக்கா அழுதார். எங்கள் வீட்டில் ஏச்சு இருக்கிற வரைக்கும் பயமில்லை. மரியாதையாகக் கதைக்கத் தொடங்கினால்தான் உறவு முடிந்தது என்று அர்த்தம். இதை எந்த அசிஸ்தெந்தேக்கு நான் மொழிபெயர்ப்பேன்?

ஒரு சனிக்கிழமை அசிஸ்தெந்தே வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கத்தியை நான் முதல் நாளே அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன். மீனும் வாங்கவில்லை. தோடம்பழச் சாறு கொடுத்தேன். ஷெரின் அவருக்குத் தன் ஆட்டத்தைக் காட்டப்போய்க் கையை வீசினாள். கிளாஸ் சரிந்து சாறு கதிரையெல்லாம் கொட்டியது. அவள் உடனே என் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் குறும்பு, உதட்டில் சிரிப்பு வரத் தயாராக நின்றது. வழக்கமான ஏச்சை எதிர்பார்த்து நின்றாள்.

நான் இத்தாலி மொழியில், "ஷெரின், நீ செய்தது எனக்குக் கவலையைத் தருகிறது. தயவுசெய்து துடைத்துவிடு" என்றேன்.

"ப்ராவா, சிஞோரா" என்றார் அசிஸ்தெந்தே. கெட்டிக்காரி என்று என்னைத்தான் சொன்னார்.

ஷெரின் அசையவில்லை. அந்தச் சிரிப்பு வராமலே போய்விட்டது. கிட்ட வந்து என் சட்டைக் கையைப் பிடித்தாள். "அம்மா, என்னோட கோவமா?" என்று தமிழில் கேட்டாள். நான் அசிஸ்தெந்தேயின் முகத்தைப் பார்த்தேன். அவள் விக்கி விக்கி அழத் தொடங்கினாள். "ஏசுங்கம்மா. உப்பு வெப்பன் எண்டு சொல்லுங்க. ஏன் சொல்றீங்க இல்ல?"

அசிஸ்தெந்தே முன்னுக்குச் சரிந்து, "பிள்ளை என்ன கேட்கிறாள்?" என்றார்.

என் அம்மாவைப் போல நானும் என் பிள்ளையைப் படலையில் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று எனக்கு விளங்கியது. அதை விளங்கிக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"மன்னிப்புக் கேட்கிறாள்" என்றேன்.

ஷெரினுக்கு இரண்டு மொழியும் தெரியும். அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு என் கையை விட்டுவிட்டு, துணி எடுக்கக் குசினிக்குள் போனாள்.