மிசாவோவின் கால்துடுப்புகள்

முழங்கால் மூட்டு அறுவை முடிந்து இஷிகாகித் தீவின் மருத்துவமனையிலிருந்து திரும்பிய மிசாவோவுக்கு ஒரு வாரம் கூட வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நடக்கச் சொன்னார்கள், நடந்தாள். ஏணி ஏறாதே, பாரம் தூக்காதே, இந்தக் குளிர்காலம் கடலை மறந்துவிடு என்றார்கள். அதைக் கேட்டுத் தலையாட்டியவள், அடுத்த படகில் வந்த பெட்டியை உடைத்துப் கடலுக்கடியில் நீந்தப் புதிதாக ஒரு ஜோடி கால்துடுப்பை எடுத்து மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஊரான யோனகுனித் தீவில் பதினைந்து வயதானால் பிள்ளைகள் படிக்க வெளியூர் போய்த்தான் ஆகவேண்டும், தீவில் மேல்நிலைப் பள்ளி கிடையாது. அப்படிப் போனவள்தான் மிசாவோ. நாஹாவில் விடுதி வேலை, ஒசாகாவில் துணிக்கடை, யோகோஹாமாவில் லாரி நிறுவனத்துத் தொலைபேசி. எதிலும் இரண்டு வருஷம் தாண்டவில்லை. ஊருக்கு வந்த ஒரு குளிர்காலத்தில், பள்ளித் தோழன் செய்ஷினின் படகிலிருந்து மேற்கு முனையில் குதித்தாள். சுத்தியல்தலைச் சுறாக்கள் கூட்டமாய்த் தலைக்கு மேலே போயின. அடியில் நீரோட்டம் அவளை இழுத்துக்கொண்டு ஓடியது. தன்னைவிட அவசரமான ஒன்றைக் கண்டுகொண்ட நிம்மதி அவளுக்கு. அதன்பின் அவள் ஊரைவிட்டுப் போகவில்லை. செய்ஷினைக் கட்டிக்கொண்டாள். அவன் படகு ஓட்ட, சுறா பார்க்க வெளியூரிலிருந்து வரும் விருந்தாளிகளை இவள் கடலுக்குள் அழைத்துப் போனாள்.

இத்தனை வருஷமும் அவள் காலில் இருந்தது கனத்த கறுப்பு ரப்பர்த் துடுப்பு. ஓர் உதை உதைத்தால் ஆளை அம்புபோல் தள்ளும். ஆனால் அந்தத் தள்ளலுக்கான விலையைக் கொடுப்பது முழங்கால். இப்போது அது முடியாது. ஆகவே தேடினாள். குட்டையும் விறைப்புமான ஒன்று வாங்கினாள். பாறை இடுக்கில் அழகாய்த் திரும்பியது, பத்து உதைக்குள் மூட்டு சுட்டது. மெலிந்து நீண்ட ஒன்று வாங்கினாள். நீரில் இதமாக இருந்தது, படகில் நாலு பேர் காலை மிதித்தது. கடைசியில் வந்தது, நடுவே பிளந்து மீன்வால் போலிருந்த மெத்தென்ற ஜோடி. குபுரா துறைமுகத்துக்குள் மாறி மாறிப் போட்டு நீந்தினாள். கரைக்கு வருவாள், கழற்றுவாள், வேறொன்றை மாட்டுவாள்.

செய்ஷின் படகில் வலை வாளியைக் கழுவியபடியே பார்த்தான். "பூரான் கூட இத்தனை செருப்பு வாங்காது" என்றான்.

"பூரானுக்கு முட்டி வலிக்காது."

"நோவு முட்டியிலயா இல்ல மனசுலயான்னு டாக்டர்கிட்ட கேட்டிருக்கணும்."

பிளந்த ஜோடியை மாட்டிக்கொண்டு அவள் மறுபடி நீரில் இறங்கினாள். பிளந்த துடுப்பில் மூட்டு வலிக்கவில்லை, அதுவே அவளை உறுத்தியது. உதைத்தால் தண்ணீர் கனக்க வேண்டும், இதில் காற்றை உதைப்பது போல் இருந்தது.

வடகாற்று கொஞ்சம் அடங்கிய ஒரு காலையில் ஒரே ஒரு விருந்தாளி வந்தாள். ஹதகேயாமா என்று பெயர், கோபேயில் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் முப்பது வயதுப் பெண். முக்குளிக்கும் முகமூடிக்குப் பொருத்தமாக மஞ்சள் நிறத்தில் கால்துடுப்பு வாங்கி வந்திருந்தாள். படகில் அவள் அதை மாட்டும்போது குதிகாலுக்கும் பட்டைக்கும் நடுவே இடைவெளி தெரிந்ததை மிசாவோ பார்த்தாள். பார்த்தாளே தவிர மனதில் ஏறவில்லை. பிளந்த ஜோடியோடு முதல்முறை மேற்கு முனைக்குப் போகிறோமே என்றுதான் அவள் மனம் அடித்துக்கொண்டிருந்தது.

முதுகில் காற்று உருளையோடு, இருவரும் ஒன்றாகப் படகிலிருந்து முதுகுப்பக்கமாய்ச் சாய்ந்து கடலில் விழுந்தார்கள். கீழே வெறும் நீலம். சுறா ஏதும் கண்ணில் படவில்லை. நீரோட்டம் வழக்கத்தைவிட வேகமாக வடக்கே இழுத்தது. மிசாவோ திரும்பிப் பார்த்த நேரம், ஹதகேயாமாவின் இடது காலிலிருந்து மஞ்சள் துடுப்பு கழன்று, இலை விழுவது போல ஆடியபடி ஆழத்துக்குப் போனது.

யோசிக்காமல் மிசாவோ அதன் பின்னால் தலைகீழாய்ப் பாய்ந்தாள். பழைய ரப்பராக இருந்தால் இரண்டே உதையில் எட்டிப் பிடித்திருப்பாள். பிளந்த துடுப்பு வளைந்ததே தவிர, சட்டென்று தள்ளவில்லை. இரண்டாம் உதையிலும் அந்த மஞ்சள் எட்டாத தூரம். ஏதோ உறைக்க, அண்ணாந்து பார்த்தாள். ஒற்றைக் காலால் உதைத்து உதைத்து, ஹதகேயாமா வட்டமாய்ச் சுற்றிக்கொண்டு ஆபத்தான வேகத்தில் மேலே போய்க்கொண்டிருந்தாள்.

மஞ்சள் துடுப்பை மிசாவோ போகவிட்டாள். நீரோட்டத்தோடு சேர்ந்து, சின்னச் சின்னதாய், வேக வேகமாய்க் காலை அசைத்தாள். அதற்கென்றே செய்தது போல அந்த மெத்தென்ற துடுப்பு ஓடியது. மூட்டு முனகவில்லை. ஹதகேயாமாவின் தோள்பட்டியைப் பற்றி, கண்ணுக்கு நேரே கண்ணை வைத்து, மெல்ல மூச்சு விடச் சைகை காட்டினாள். படகுக்கு இடம் காட்டும் ஆரஞ்சு மிதவையை மேலே அனுப்பிவிட்டு, அழுத்தம் குறைவதற்கு உடம்பு பழக நடுநீரில் நிற்க வேண்டிய நேரம் நின்று, இருவரும் மேலே வந்தார்கள்.

மேலே படகைக் காணோம். அலை மேட்டில் ஏறினால் தீவு தெரிந்தது, சரிவில் இறங்கினால் அதுவும் இல்லை.

"அக்கா, என்னால காலை நிறுத்தவே முடியல" என்றாள் ஹதகேயாமா. பல் தந்தியடித்தது.

"நிறுத்து. ஒதைச்சு எங்க போகப் போறோம்? அவன் வருவான்."

சொன்ன பிறகுதான் தன் காலும் ஓயாமல் உதைத்துக்கொண்டிருப்பது மிசாவோவுக்குத் தெரிந்தது. நிறுத்தினாள். அது இத்தனை கஷ்டமான காரியமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. மிதவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறுமனே கிடந்தாள். எத்தனையோ அலை கடந்தபின் படகின் இரைச்சல் கேட்டது.

செய்ஷின் இருவரையும் ஏற்றி, சூடான வாற்கோதுமைத் தேநீரைக் கையில் திணித்தான்.

மதியம் வீட்டுச் சமையலறையில் நூடுல்ஸ் கிண்ணத்தின் முன் உட்கார்ந்து, எல்லாம் தன் தப்புதான் என்று ஹதகேயாமா திரும்பத் திரும்பச் சொன்னாள். கடையில் தடித்த காலுறை போட்டு அளந்தாளாம், பிறகு மெல்லியது வாங்கினாளாம்.

"உன் குதிகால் ஆடினதைப் படகுலயே பாத்தேன்" என்றாள் மிசாவோ. "என் கால நெனச்சுக்கிட்டு உன் கால விட்டுட்டேன். தப்பு என்னுது."

ஹதகேயாமா கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு, அப்படியானால் எதை வாங்குவது என்று கேட்டாள். எது நல்லது என்று கேட்காதே, எங்கே நீந்துவாய், காலில் எவ்வளவு தெம்பு இருக்கிறது, அதைச் சொல் என்றாள் மிசாவோ. வருஷத்துக்கு இரண்டு முறை, அமைதியான வளைகுடா, இப்போது இந்தப் பைத்தியக்காரக் கடல் என்று பதில் வந்தது. மிசாவோ பின்னறையிலிருந்து பழைய ஜோடிகளைக் கொண்டுவந்து, காலுறையோடு போடச் செய்து, நுனிக்காலில் நிற்க வைத்தாள். நாலாவதில்தான் குதிகால் அசையாமல் நின்றது. நடுத்தர விறைப்பு, கறுப்பு நிறம்.

"அசிங்கமா இருக்கே" என்றாள் ஹதகேயாமா.

"சுறாவுக்கு அதெல்லாம் தெரியாது" என்றான் செய்ஷின்.

அந்தக் குளிர்காலம் முழுக்க மேற்கு முனைக்குப் பிளந்த ஜோடியோடே போனாள் மிசாவோ. மூன்று பேருக்கு மேல் அழைத்துப் போக மறுத்தாள். வருகிறவர்களைத் துறைமுகத்திலேயே நுனிக்காலில் நிற்க வைத்துப் பார்த்தாள். சிலர் முணுமுணுத்தார்கள், ஒருவர் வேறு படகுக்குப் போனார். பாறை இடுக்குகள் உள்ள தென்கரைக்கு மட்டும், மூட்டு சம்மதிக்கும் நாட்களில், குட்டைத் துடுப்பு. ரப்பர் ஜோடியை செய்ஷின் வாங்கிக்கொண்டு படகடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டப் போகும்போது மாட்டிக்கொண்டான்.

மழைக்காலம் தொடங்கியபோது மூட்டு மறுபடி கனத்தது. படகும் இல்லை, விருந்தாளியும் இல்லை. மிசாவோ ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். வேகவைத்த பயறுக்குச் சர்க்கரை போட மறந்தாள். கடைசியில் குடையை எடுத்துக்கொண்டு, கடல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரக் கிளம்பினாள்.